காத்தாடி போட்டின் காய்ச்சல்

பன்னிரண்டாவது நிமிஷத்தில் முள் சிவப்புக்குப் போய்விடும். மெஹர் பானு இதை நான்கு தடவை போனில் நேரம் வைத்துப் பார்த்துவிட்டாள். பத்து நிமிஷம் வரைக்கும் அந்தக் காத்தாடி போட் புது மாப்பிள்ளை கணக்காக அடக்க ஒடுக்கமாக இருக்கும். வாகைக்குளத்து ஆகாயத்தாமரைக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், சொன்ன இடத்தில் திரும்பும். அதற்கப்புறம் சூடு காட்டும் முள் மெல்லத் தலையைத் தூக்கும். பன்னிரண்டில் சிவப்பு. பதின்மூன்றில் ரேடியேட்டர் மூடியோரமாகப் புஸ்ஸென்று ஆவி. மெக்கானிக் பலவேசம் எஞ்சினை அணைத்துவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்து சேருவார்.

குற்றாலத்தில் சாரல் பிடித்து ஒரு வாரமாகிறது. மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றில் தென்காசி வரைக்கும் வீட்டுச் சுவரெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. ஊரே போர்வை தேடுகிற நேரத்தில் இந்த எஞ்சினுக்கு மட்டும் காய்ச்சல் என்றால் யார்தான் நம்புவார்கள்? பானு நம்பவில்லை.

பழைய போட்தான், அதை யாரும் மறைக்கவில்லை. பானுவின் புருஷன் மன்சூர் ஷார்ஜாவில் ஒரு ரிசார்ட்டின் படகு ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறான். அந்த ரிசார்ட்காரர்கள் வேண்டாமென்று கழித்த போட்டை அவனே வாங்கி, கப்பலில் கொச்சிக்கு அனுப்பி, அங்கிருந்து லாரியில் ஆரியங்காவு வழியாக இங்கே இறக்கியிருந்தான். தட்டையான அடிப்பாகம், பின்னால் கம்பிக்கூண்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி, அதைச் சுற்ற ஒரு ஜப்பான் கார் எஞ்சின். தண்ணீருக்குள் சுழல்கிற விசிறி எதுவும் கிடையாது. சாதாரண மோட்டார் போட்டை இந்தக் குளத்தில் விட்டால் பத்தடி போவதற்குள் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு நின்றுவிடும். இது காற்றைத் தள்ளியே ஓடிவிடும். சீசனுக்கு வருகிற ஜனத்தை ஏற்றிக் குளத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது மன்சூர் போட்ட திட்டம்.

வருகிற வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். முப்பது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் அனுமதி. அனுமதி கிடைத்தால் மன்சூர் அதற்கடுத்த திங்கட்கிழமை அங்கே போட வேண்டிய இரண்டு வருஷக் கையெழுத்தைப் போடாமல் ஊருக்கு வந்துவிடுவான். "ஓடுச்சுன்னா வாரேன் பானு. ஓடலேன்னா இன்னும் ரெண்டு வருசம்தான், வேற வழியில்ல" என்று அவனே வாயால் சொன்னது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், மகள் ஷிஃபாவுக்கு வயது பதினாலு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் முழுசாக மூன்று வருஷம் தேறாது. பானுவுக்குத் தன் புருஷன் வீட்டில் வேண்டும். இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

இதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றால், போட் இறக்கிய அன்றைக்கு ஒரு மணி நேரம் ஓடியது. பானு கரையில் நின்று தன் கண்ணால் பார்த்தாள். முள் பாதியைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் சர்வீஸ் பண்ணுகிறேன் என்று பலவேசம் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் ஓட்டினால் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆவி. அப்படியானால் அந்த நான்கு நாளில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, சந்தேகப்படுவதில் பானு கைதேர்ந்தவள். மீன்காரர் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினால் அது சாயமா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிற்க வைத்து எடை போடச் சொல்வாள். பதினாலு வருஷம் ஒற்றை ஆளாக ஒரு வீட்டை நடத்தினவள் வேறு எப்படி இருப்பாள்? ஏமாந்துவிட்டு அழுவதைவிட, சந்தேகப்பட்டுக் கெட்ட பெயர் வாங்குவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு பலவேசத்தின் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். பலவேசம் மன்சூரோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். லாரி, டிராக்டர், தண்ணீர் பம்ப் என்று எதுவாக இருந்தாலும் கை வைப்பார். வாயும் ஜாஸ்தி. ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்லுவார்.

"பெல்ட்டு பாத்தாச்சா, அண்ணாச்சி?"

"பாத்தாச்சு மதினி. பெல்ட்டும் சரி, வாட்டர் பம்ப்பும் சரி. கையால சுத்திக்கூடப் பாத்துட்டேன்."

"ரேடியேட்டர்ல தூசி கீசி அடைச்சிருக்குமோ?"

"நேத்தே தண்ணியடிச்சுக் கழுவியாச்சு. அந்தப் பக்கம் நின்னா இந்தப் பக்கம் ஆளு தெரியுது."

"உள்ள காத்து மாட்டியிருந்தா?"

"அதையும் எடுத்து விட்டாச்சு."

"அப்போ ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்."

பலவேசம் நிமிர்ந்து பார்த்தார். "கேஸ்கெட் போயிருந்தா ஆயிலு பால் கணக்கா வெளுத்திருக்கும். தண்ணியில குமிழு வரும். ரெண்டும் இல்ல. போன்ல படிச்சிட்டு வந்து எனக்குப் பரீட்ச வைக்கியளா மதினி?"

"சரி, அப்போ என்னதான் கோளாறு?"

"பழைய எஞ்சின்லா" என்றார் பலவேசம். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். பானுவுக்குச் சுருக்கென்றது. வாய் நிறையப் பேசுகிற மனுஷன் ஒற்றை வரியில் முடித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவளுடைய முதல் சந்தேகம் அவர் மேல் இல்லை. அதே குளத்தில், ஆகாயத்தாமரை இல்லாத கிழக்கு மூலையில், விஜய்பாண்டி என்பவர் மிதிபடகு விட்டுக்கொண்டிருந்தார். அன்னப்பறவை மாதிரி செய்த ஆறு படகு. காத்தாடி போட் ஓட ஆரம்பித்தால் அன்னத்தில் யார் ஏறுவார்கள்? போட்டை இறக்கிய அன்றைக்கு அவர் வந்து கூண்டைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதற்குத் தடவ வேண்டும்? எஞ்சின் சூடாக ஆரம்பித்ததும் பானு கூண்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். அது போதாதென்று ஷிஃபாவின் நகப்பூச்சை எடுத்து, ரேடியேட்டர் மூடியையும் கழுத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவைத்தாள். எவன் மூடியைத் திறந்தாலும் கோடு உடைந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் கோடு உடைந்திருந்தது.

பானு நேரே கிழக்கு மூலைக்குப் போனாள். அங்கே டிக்கெட் வாங்கப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சாரலில் நனைந்த குடும்பங்கள், கையில் மிளகாய் பஜ்ஜி.

"பாண்டி அண்ணாச்சி, எங்க போட்டுல உங்களுக்கு என்ன சோலி?"

விஜய்பாண்டி டிக்கெட் கட்டைக் கீழே வைத்தார். "என்ன தங்கச்சி சொல்லுதிய?"

"மூடியத் திறந்து என்னத்தப் போட்டிய? மண்ணா, உப்பா?"

"நான் எதுக்குப் போடுதேன்?"

"எங்க போட் ஓடுனா உங்க அன்னம் மூழ்கிரும்லா, அதுக்குத்தான்."

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். விஜய்பாண்டியின் முகம் சுண்டிப்போனது. "சீசன்ல, நாலு பேரு முன்னால, எனக்குக் கள்ளப் பட்டம் கட்டிட்டிய. சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பலவேசம் வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே, மூடியத் திறந்தது நாந்தான் மதினி. சாவி ஒண்ணு எங்கிட்டயும் இருக்குல்லா. விடியக்காலம் வந்து தண்ணி அளவு பாத்துட்டு டீ குடிக்கப் போனேன்."

பானு அப்போதே திரும்பிப் போய் அந்த மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. அளவு பார்க்க வந்தவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று, சந்தேகம் விஜய்பாண்டியை விட்டு எழுந்து வந்து பலவேசத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் குளத்தங்கரையில் இருக்கும்போது மன்சூர் வீடியோவில் வந்தான். தலை நிறையத் தூசி, கழுத்தில் ஈரத் துண்டு.

"முள்ளு இன்னும் ஏறத்தான் செய்யுதா?"

"ஏறுது மச்சான். அம்பது டிகிரி வெயில்ல நாள் முழுக்க ஓட்டுனேன்னு நீங்கதான சொன்னிய. இங்கன சாரல்ல ஏன் ஏறுது?"

"இடம் மாறுனா எஞ்சினும் மாறும் பானு. மனசப் போட்டு அலட்டிக்கிடாத. சரிப்படலேன்னா விட்டுரு. ரெண்டு வருசம் கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரும்."

"நீங்க மூடுவிய. நான் திறந்துதான வச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். பிறகு, "பலவேசம் நிக்கானா? குடு" என்றான். பலவேசம் போனை வாங்கிக்கொண்டு மருதமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்று பேசினார். சாதாரணமாக அவர் போன் பேசினால் அக்கரைக்குக் கேட்கும். அன்றைக்குப் பானுவின் காதில் விழுந்ததெல்லாம் "சரிலே, சரிலே" மட்டும்தான். இந்த ஆள் அவருக்கு என்ன கதை அளக்கிறாரோ, அவ்வளவு தூரத்தில் இருக்கிற அப்பாவி மனுஷனுக்கு இங்கே நடப்பது என்ன தெரியும் என்று பானுவுக்குப் புருஷன் மேல் இரக்கம் பொங்கியது.

செவ்வாய்க்கிழமை அவளே போட்டில் ஏறி உட்கார்ந்தாள். காதில் பஞ்சு, உடம்பில் லைஃப் ஜாக்கெட். பன்னிரண்டாவது நிமிஷம் முள் ஏறி, ஆவி கிளம்பி, எஞ்சின் நின்றது. பலவேசம் கம்பை எடுக்க முன்பக்கம் போன சமயத்தில், பானு ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்த்தாள். மேல்பக்கம் தொட முடியவில்லை. கீழே போகப் போகச் சூடு குறைந்தது. அடிப்பக்கமும் அங்கிருந்து எஞ்சினுக்குப் போகிற ஹோஸும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தன. கஞ்சி கொதித்துப் பொங்குகிற பானையில் அடிப்பக்கம் மட்டும் சில்லென்று இருக்குமா?

"அண்ணாச்சி, கீழ குளுந்து கிடக்கு."

"கையை எடுங்க மதினி, சுட்டுரும்."

"சுடலேன்னுதான் சொல்லுதேன்."

பலவேசம் அவசரமாகக் கம்பை ஊன்றினார்.

பானு அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் செங்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். அங்கே மணிகண்டபிரபு என்ற பையன் வெளிநாட்டு வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், பேச்சில் பாதி மலையாளம். யாருடைய போட், எங்கே நிற்கிறது என்று எதையும் அவள் சொல்லவில்லை. போனிலிருந்த படங்களை மட்டும் காட்டினாள்.

"எஞ்சின் கொதிக்கும்போ கீழ ஹோஸ் எப்படி?" என்று அவன் கேட்டான்.

"குளுந்திருக்கு."

"தெர்மோஸ்டேட் உண்டா, எடுத்துக் களஞ்சாச்சா?"

"அப்படின்னா என்ன தம்பி?"

அவன் வேறு ஏதோ எஞ்சினுடைய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். பம்பரம் அளவுக்கு ஒரு பித்தளை வால்வு. "இது எஞ்சின் தலையில இருக்கும்க்கா. தண்ணி சூடானா திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். நம்ம பக்கத்து மெக்கானிக் எல்லாரும் வண்டி கையில கிடைச்ச உடனே முத வேலையா இதத்தான் கழட்டி வீசுவாங்க. குளிரு நாட்டுக்காரனுக்குத்தான் இது, நமக்கு எதுக்குன்னு. லாரிக்கும் டிராக்டருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த எஞ்சினுக்கு அது ஒத்துக்காது. இதுல வால்வுக்கு அடியில இன்னொரு தட்டு உண்டு. மேல வழி திறக்கும்போ அந்தத் தட்டு கீழ குறுக்கு வழிய அடைக்கும். வால்வ எடுத்துட்டா குறுக்கு வழி திறந்தே கிடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்திச் சுத்திக் கொதிக்கும்."

"இது மெக்கானிக்குக்குத் தெரியாதா?"

"இந்த எஞ்சின அங்க வெளிநாட்டுல பிரிச்சு மேஞ்சவனுக்குத் தெரியும். இங்க உள்ளவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல."

அவனிடம் அந்த வால்வு இல்லை. கொல்லத்தில் ஒரு கடையில் இருந்தது. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடும் என்று போன் பேசிவிட்டுச் சொன்னான். சோதனை பதினோரு மணிக்கு. பானு பஸ்ஸில் திரும்பி வரும்போது விரல்களை மடக்கி மடக்கி மணிக்கணக்கைக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை காலை பலவேசத்தை நிற்க வைத்து, "தெர்மோஸ்டேட் மூடியக் கழட்டுங்க" என்றாள். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டதும் பலவேசத்தின் முகம் மாறியது. இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே வெறும் ஓட்டை.

"ஆரு எடுத்தது?"

"நாந்தான். எல்லா வண்டிக்கும் எடுக்கதுதான மதினி."

"எடுத்தது எங்க?"

"குளத்துல போட்டுட்டேன்."

பானு அப்புறம் பேசிய பேச்சை முழுசாக எழுத முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். தின்ற சோற்றை இழுத்தாள், பெருநாள் பிரியாணியை இழுத்தாள். கூடப் படித்தவன் ஊரோடு வந்து சேருவது கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் பலவேசம் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "திட்டுங்க மதினி, நல்லாத் திட்டுங்க" என்று மட்டும் சொன்னார். குற்றம் செய்தவன் வேறு எப்படி நிற்பான் என்று அவளும் வஞ்சகமில்லாமல் திட்டினாள்.

"அவருகிட்ட இதச் சொல்லக் கூடாது. பாவம், அங்கன கிடந்து கஷ்டப்படுவாரு. ஓடுன பெறவு நானே சொல்லிக்கிடுதேன். உங்க போனக் குடுங்க."

"போன் எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

பலவேசம் கொடுத்துவிட்டார். பானு அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மத்தியானம் அதிகாரி ஸ்ரீதேவியிடமிருந்து அழைப்பு வந்தது. சோதனை நடக்கும்போது பாதுகாப்புக்கு இன்னொரு படகு தண்ணீரில் நிற்க வேண்டுமாம், இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியதுதானாம். வாகைக்குளத்தில் இன்னொரு படகு யாரிடம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பானுவுக்கு அங்கே போக முகமில்லை. ஆனால் புருஷன் வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும். போனாள்.

"அன்னைக்குப் பேசுனது தப்பு அண்ணாச்சி. மூடியத் திறந்தது பலவேசம் அண்ணன்தான்" என்றாள்.

விஜய்பாண்டி ஓர் அன்னத்தின் கழுத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் முழுதும் கேட்டார். "நான் வரலேன்னாலும் சந்தேகப்படுவிய, வந்தாலும் சந்தேகப்படுவிய. வந்தே வாங்கிக்கிடுதேன், போங்க" என்றார்.

வியாழக்கிழமை எட்டரைக்கு வால்வு வந்தது. பலவேசம் அதை மாட்டி, தண்ணீர் நிரப்பி, காற்றை எடுத்து முடிக்கப் பத்தே முக்கால். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஸ்ரீதேவி மேடம் வந்து காகிதங்களைப் பார்த்து, லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினார். பலவேசம் ஓட்டினார். ஆகாயத்தாமரை ஓரமாக விஜய்பாண்டி, அன்னங்களைக் கரைக்கு இழுத்துவர வைத்திருந்த துடுப்புப் படகில் நின்றார். பானு கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நேரம் வைத்தாள்.

ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டில் அவள் போனை விட்டுக் கண்ணை எடுத்துப் போட்டைப் பார்த்தாள். பதின்மூன்றாவது நிமிஷம் போட் மேற்குக் கரையில் திரும்பியது. ஆவி இல்லை. இருபது ஆனது. சாரல் வலுத்தது, பானு குடையை விரிக்கவில்லை. முப்பது முடிந்து, மேடம் இன்னும் ஒரு சுற்று என்று கையைக் காட்டி, முப்பத்தைந்தாவது நிமிஷம் போட் கம்பு ஊன்றாமல் தானே ஓடிவந்து கரையில் முட்டியது. முள் பாதியில் இருந்தது. ஸ்ரீதேவி மேடம் ஜீப்புக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். பானு அழுதாள். நன்றாகவே, சத்தமாகவே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மன்சூருக்குப் போன் போட்டாள்.

"மச்சான், ஓடிருச்சு. முப்பத்தஞ்சு நிமிசம். முள்ளு பாதியிலயே நிக்கி. மேடம் கையெழுத்துப் போட்டாச்சு."

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மன்சூர் கேட்டான், "எங்கன கிடைச்சுச்சு?"

"என்னது?"

"இல்ல, அந்த வால்வு இந்தியாவுல லேசுல கிடைக்காதே..."

பாதியில் நிறுத்திவிட்டான். நிறுத்தியதும் பானுவுக்குக் கேட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. பலவேசத்தின் போன் நேற்றிலிருந்து அவள் பையில் கிடக்கிறது. வால்வு என்ற சொல்லை இந்த உலகத்தில் யாரும் மன்சூருக்குச் சொல்லவில்லை.

"வால்வு இல்லேன்னு உங்களுக்கு ஆரு சொன்னா, மச்சான்?"

பானு பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து, கட்டாத கயிற்றைக் கட்டப் போகிறவர் மாதிரி தண்ணீர்ப் பக்கம் நடந்தார்.

"நீங்கதான் எடுக்கச் சொன்னிய" என்றாள்.

"ஆமா" என்றான் மன்சூர். "அவன் மேல ஒண்ணுமில்ல. முதல்ல அவனுக்கும் விவரம் தெரியாது. கொதிக்க ஆரம்பிச்ச பெறவுதான் சொன்னேன். திரும்ப மாட்டுதேன்னு மல்லுக்கு நின்னான். நான்தான் அதக் குளத்துல போடச் சொல்லி, ஆருட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"ஏன்?"

"வாங்கும்போது வரணும்னுதான் பானு வாங்குனேன். அல்லா அறிய. போட்டு கப்பல் ஏறுன அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு. இங்கன எனக்கு ஒரு கட்டில் இருக்கு, பன்னெண்டு பேரு உஸ்தாத்னு கூப்பிடுதான். அங்கன வந்தா நான் ஆரு? ஷிஃபா ரெண்டு நிமிசம் பேசிட்டு உம்மாட்ட குடுக்கேங்கா. லீவுல வந்தா பத்து நாள் முழுசா ஆகாது, பாக்கவன் எல்லாம் எப்பப் பயணம், எப்பப் பயணம்னு கேக்கான். நீயும் கேட்டிருக்க."

கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு லீவிலும் கேட்டிருக்கிறாள். நாள் தெரிந்தால்தானே ஊறுகாயும் அல்வாவும் தயார் பண்ண முடியும் என்றுதான் கேட்டாள். அது அவன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. ஆனாலும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லுததுக்கு ஒரு வாயி இல்லையா உங்களுக்கு? பாண்டி அண்ணாச்சிய ஊரு முன்னால கள்ளன்னு சொன்னேன். பலவேசம் அண்ணனத் திட்டாத திட்டெல்லாம் திட்டுனேன். உலகத்துல உள்ள அத்தன பேரையும் சந்தேகப்பட்டேன் மச்சான். உங்கள ஒருத்தரத்தான் படல."

மன்சூர் அழுகிற சத்தம் கேட்டது. இரும்பைத் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. வேலையை விட்டு எங்கேயோ ஒதுங்கி வந்திருக்கிறான் போல.

"நான் வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு பானு."

எத்தனையோ வருஷமாக அவன் இப்படிக் கேட்க மாட்டானா என்று ஏங்கியிருக்கிறாள். கேட்ட மாத்திரத்தில் வாங்க என்று சொல்லுவாள் என்றுதான் அவளே நினைத்திருந்தாள். இப்போது அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. குளத்துப் பக்கம் பார்த்தாள். விஜய்பாண்டி துடுப்புப் போட்டுத் தன் மூலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வந்தா, இந்த எஞ்சின் சூடாகுதப்பல்லாம் நான் உங்க கையத்தான் பாப்பேன். அதத் தாங்குவியளா?"

"தாங்குவேன்" என்றான்.

"அப்போ டிக்கெட் எடுத்துட்டு எனக்குப் படம் அனுப்புங்க. ஒரு வழி டிக்கெட்டா இருக்கணும். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாப்பேன்."